பெட்டி திறந்த பிறகு: லீவில் வருகிறவர்களும் எமது சிறுகதைகளும்

எமது சஞ்சிகைகளிலும் பத்திரிகைகளின் வாரப் பதிப்புகளிலும் நாற்பது வருடங்களாக ஒரே கதை பல பெயர்களில் வந்துகொண்டிருக்கிறது. குடும்பம் முழுக்க வான் பிடித்துக்கொண்டு கட்டுநாயக்கவுக்குப் போகிறது. கறுத்து மெலிந்த ஒருவர் கயிறு சுற்றிய பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார். வீட்டில் பெட்டி திறபடுகிறது. நிடோ டின், டேங் போத்தல், கோடாலித் தைலம், கம்பளிப் போர்வை, அத்தர், உம்மாவுக்கு முசல்லா. மாமிக்குக் கிடைத்த துணி மதினிக்குக் கிடைத்ததை விட மட்டம் என்று மாமி முகம் சுழிக்கிறார். மச்சான் ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் கடன் கேட்கிறார். தங்கச்சிக்குக் கொடுக்க வேண்டிய சீதன வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. கடைசிப் பந்தியில் மறுபடியும் வான், மறுபடியும் கட்டுநாயக்க, மறுபடியும் கண்ணீர்.

சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் பிரதிகளை வாசிக்கும் வேலை சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்தக் கதையை நாலைந்து பேராவது எழுதியிருப்பார்கள். பொய்க் கதை என்று இதைத் தள்ள முடியாது. இதில் வரும் மாமியை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 1970களின் கடைசியில் மத்திய கிழக்குக் கதவு திறந்ததிலிருந்து எங்கள் ஊர்களின் சீமெந்து வீடுகளில் பெரும்பகுதி இந்தப் பெட்டிக்காரர்களின் முதுகில்தான் எழும்பின. அதை எழுதாமல் விட்டால்தான் குற்றம். எனது முறைப்பாடு வேறு. இந்தக் கதைகள் பெட்டியைப் பார்க்கின்றன, ஆளைப் பார்ப்பதில்லை. வந்தவர் கொடுக்கிறவர், இருந்தவர்கள் வாங்குகிறவர்கள் என்று பாத்திரங்களை இரண்டு வரிசையாக நிறுத்திவிட்டு, அந்த வரிசையிலிருந்து ஒருவரும் கடைசிவரை அசையாமல் பார்த்துக்கொள்கின்றன.

பெட்டி திறப்பதற்கும் விமானநிலையத்துக்கும் இடையில் முப்பது நாள் கிடக்கிறது. அந்த முப்பது நாளும் கதையில் எங்கே என்று தேடினால், “லீவு முடிந்ததே தெரியவில்லை” என்ற மாதிரி ஒரு வசனம் அகப்படும். அவ்வளவுதான். எனக்கு அந்த வசனத்தைக் கண்டால் ஆத்திரம் வரும். எழுத வேண்டிய கதை முழுவதையும் அந்த வசனத்துக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். இரண்டு வருட ஒப்பந்தம், முடிவில் ஒரு மாத லீவு என்று வைத்துக்கொண்டால், 20 வருடம் வெளியில் இருந்த ஒரு மனிதர் வீட்டில் இருந்தது 10 தடவை, மொத்தம் 300 நாள். ஒரு வருடம்கூட இல்லை. இந்த 300 நாளுக்குள்தான் அவர் கணவனாக, வாப்பாவாக, மகனாக, கூட்டாளியாக இருந்து முடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் அறிமுகத்திலும் கடைசி வாரம் பிரியாவிடையிலும் போய்விடும். மீதியைக் கூட்டிப் பாருங்கள். ஒரு கதாசிரியருக்கு இதைவிட இறுக்கமான களம் எங்கே கிடைக்கும்?

ஊரில் கேட்கும் இரண்டு கேள்விகளே போதும். “எப்ப மனே வந்த?” அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்தது, “எப்ப போற?” கிழக்கில் இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்பார்கள். எமது கதைகள் இரண்டாவது கேள்வியை ஊரின் கல்நெஞ்சத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்கிறவர் மனதுக்குள் நாளை எண்ணிப் பார்க்கிறார். ஒரு நாளைக்குச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாமா, மகளின் சம்பந்தப் பேச்சை இவர் இருக்கும்போதே வைக்கலாமா, வாப்பாவின் காணி விசயத்தைப் பேச நேரமிருக்குமா. தங்கப் போகிற நாளைப் பொறுத்துத்தான் உறவின் ஆழத்தைத் தீர்மானிக்க முடியும் என்ற நிலைக்கு ஊரும் வந்துவிட்டது. அந்தக் கேள்வியால் வந்தவர் காயப்படுவதும் உண்மை. இரண்டு உண்மையையும் ஒரே திண்ணையில் இருத்தி எழுத வேண்டும். எங்கள் கதாசிரியர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

இது இன்றைய எழுத்தின் குறை மட்டுமல்ல. எழுத்து வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிட்டுக் காது இருக்கிறது. இப்னு பதூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் அவரை ‘எங்கள் ஆள்’ போலப் பேசுவோம். 1344இல் புத்தளத்தில் இறங்கினார், ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார், பாவாதமலை ஏறினார் என்று ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும். அவர் 1325இல், இருபத்தொரு வயதில், தஞ்சாவை விட்டுப் புறப்பட்டவர். 1348இல் டமஸ்கஸுக்கு மறுபடி வந்தபோது, பல வருடங்களுக்கு முன் அங்கே விட்டுப்போன மகனைப் பற்றி விசாரிக்கிறார். பிள்ளை மௌத்தாகிப் பன்னிரண்டு வருடம் என்று பதில் வருகிறது. தஞ்சாவைச் சேர்ந்த ஒருவரைத் தேடிப்போய்த் தனது வீட்டைப் பற்றிக் கேட்கிறார். வாப்பா மௌத்தாகிப் பதினைந்து வருடம், உம்மா உயிரோடு இருக்கிறார் என்கிறார் அவர். அடுத்த வருடம் மொரோக்கோவுக்குள் வந்து, தாஸா நகரத்தை அடையும்போது உம்மாவும் கொள்ளைநோயில் போய்விட்ட செய்தி கிடைக்கிறது. ஊருக்குப் போய் கப்றை ஸியாரத் செய்கிறார்.

இத்தனையும் அந்தப் பெரிய நூலில் சில வரிகள். எங்கள் மலை ஏறிய கதைக்கு அதைவிட எத்தனையோ மடங்கு இடம் கொடுத்திருக்கிறார். அவர் கல்நெஞ்சர் என்று நான் வாசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் 1355 அளவில் எழுத்தாக்கிய ரிஹ்லா என்ற அந்த வடிவம் ஊர்களையும் அரசர்களையும் இறைநேசர்களையும் அதிசயங்களையும் கேட்கும். கால் நூற்றாண்டுக்குப் பிறகு தனது வீட்டு வாசலில் நின்ற மனிதன் முதலில் யாரிடம் பேசினான், கூடப் படித்தவர்கள் அவனை அடையாளம் கண்டார்களா என்று கேட்காது. கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

எங்களுடைய முதல் நாவலின் வடிவமும் அப்படித்தான். சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885) எகிப்தில் பிறந்து, குழந்தையிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, இந்தியாவில் வளர்ந்தவனின் சாகசம். பிரிந்தவன் குடும்பத்தைச் சேர்வதில்தான் அந்த வகைக் கதைக்கு நிறைவு. சேர்ந்த பிறகு என்ன என்ற கேள்வி சாகசக் கதைக்குத் தேவையில்லை. நிஜத்தில் அது எப்படி நடக்கும் என்பதற்கு சித்திலெப்பையின் கண் முன்னாலேயே ஒருவர் இருந்தார். 1883இல் எகிப்திலிருந்து இங்கே நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பிலும் கண்டியிலும் 18 வருடம் இருந்துவிட்டு 1901இல் ஊர் திரும்பினார். அங்கே வளர்ந்திருந்த புதிய தலைமுறை தேசியவாதிகள் அவரைக் கொண்டாடவில்லை. சித்திலெப்பை 1898இலேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அதை எழுதியிருப்பாரா என்று சில வேளை யோசிப்பதுண்டு.

மலையாள முஸ்லிம்களின் பக்கம் பார்த்தால், அங்கே பாட்டு இந்த விசயத்தில் கதையை முந்திக்கொண்டது. எஸ். ஏ. ஜமீல் 1970களின் பிற்பகுதியில் பாடிய துபாய்க் கத்துப் பாட்டில், ஊரிலிருக்கும் மனைவி கடிதம் எழுதுகிறாள். பிறகு கணவன் பதில் எழுதுகிறான். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. அந்த ஒரு ஏற்பாட்டினால்தான் அது வளைகுடாவில் இருந்தவர்களைக் கலக்கியது என்று நினைக்கிறேன். பென்யாமினின் ‘ஆடுஜீவிதம்’ நாவலைத் தமிழிலும் நம்மில் பலர் வாசித்திருக்கிறோம், படமாகவும் பார்த்துவிட்டோம். ஆனால் நாவல் விமானம் ஏறுவதோடு நின்றுவிடுகிறது. பாலைவனத்தை அத்தனை நுணுக்கமாகச் சொன்ன கை, வீட்டு வாசலைச் சொல்லவில்லை. அந்த நாவலின் அளவில் அது சரியான முடிவு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதைப் பின்பற்றி எங்கள் பொடியன்மார் எழுதும் பாலைவனக் கதைகள் எல்லாம் விமானத்தின் வாசலிலேயே முடிவது சரியல்ல.

எமது கதைகளில் கூட்டாளிமார் கிடையாது. இதைக் கவனித்திருக்கிறீர்களா? உம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், பொறாமைக்கார உறவினர் இருக்கிறார்கள். கூடப் படித்தவன், கடலில் சேர்ந்து குளித்தவன், ஒரே சைக்கிளில் டியூசனுக்குப் போனவன் எங்கே போனான்? நிஜத்தில் லீவில் வருகிறவர் மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு தேடிப் போவது அவனைத்தான். அவன் இப்போது ஆசிரியராகவோ ஓட்டோக்காரனாகவோ இருப்பான். அவனைச் சந்திப்பதில்தான் எத்தனை சிக்கல். வந்தவர் தேத்தண்ணிக் காசைக் கொடுக்கப் போனால் பெருமை காட்டுகிறான் என்று வரும். கொடுக்காவிட்டால் கஞ்சன் என்று வரும். பழைய பகிடியை எடுத்தால், அந்தப் பகிடியில் வரும் மூன்றாமவர் மௌத்தாகிப் போயிருப்பார். ஊர் அரசியலைப் பேசினால் இவருக்குப் பாதி விளங்காது. அரபிக்காரன் கதையைச் சொன்னால் அவனுக்கு அலுத்துப்போகும்.

இன்னொன்று இருக்கிறது. சில கூட்டாளிமார் வரவே மாட்டார்கள். எப்போதோ வாங்கிய கைமாற்று ஐயாயிரம் திருப்பிக் கொடுபடாமல் இருக்கும். அல்லது ஒரு கடனும் இருக்காது, போனால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று நினைப்பானோ என்ற மானம் மட்டும் இருக்கும். அந்த மானத்தினால் சந்தியில் கண்டும் காணாதது போல மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வான். இவரோ அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டு மறுபடி விமானம் ஏறிவிடுவார். ஒரு நட்பு செத்துப்போவதற்கு இந்த அளவு போதும். சண்டை தேவையில்லை. இப்படி ஒரு கதை எங்கள் சஞ்சிகைகளில் என் கண்ணில் படவேயில்லை.

பிள்ளைகளைப் பற்றிய காட்சி மட்டும் தவறாமல் வரும். விட்டுப்போகும்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை, வந்தவரைக் கண்டு உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு “மாமா” என்கிறது. வாசகர் கண் கலங்குகிறார், கதாசிரியர் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார். ஐமோவும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு இந்தக் காட்சிக்கு மவுசு குறைந்துவிட்டது. இப்போது பிள்ளைக்கு வாப்பாவின் முகம் நல்லாத் தெரியும். பழக்கமில்லாதது அவரின் எடை, வாசம், இருமல், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் பிடிக்கும் இடம். போனில் இருந்த வாப்பா எதைக் கேட்டாலும் “ஓம் மகள்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வீட்டில் இருக்கும் வாப்பா “புத்தகத்த எடு” என்கிறார். பத்தாம் நாள் பிள்ளை உம்மாவிடம் ரகசியமாக, “வாப்பா எப்ப போற?” என்று கேட்குமே, அங்கே நில்லுங்கள், நகர வேண்டாம் என்றுதான் எழுதுகிறவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது.

இவ்வளவும் ஆண்களைப் பற்றி. எங்கள் கதைகளும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் நாட்டின் கணக்கு வேறு. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்ட பிறகு, 1990களின் நடுப்பகுதியில் இங்கிருந்து வேலைக்குப் புறப்பட்டவர்களில் நாலில் மூன்று பங்கு அளவில் பெண்கள். பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். மூதூர், கிண்ணியா, ஏறாவூர், புத்தளம் என்று எங்கள் ஊர்களின் ஏழைக் குடிசைகளிலிருந்து எத்தனை உம்மாமார் போனார்கள். அவர்கள் லீவில் வந்த கதை எங்கே? அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கணவன் காசை அழித்துவிட்டான், பிள்ளை வழிதவறிவிட்டது, ஊர் அவளைப் பற்றிக் கதைக்கிறது என்ற மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். போனதே பிழை என்று நிறுவுவதற்காக எழுதப்பட்டவை அவை. 2013இல் அரசாங்கம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மாரைத் தடுப்பதற்காகக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் கதாசிரியர்கள் அதற்கு எவ்வளவோ முன்னரே அந்த அறிக்கையைச் சிறுகதையாக எழுதி முடித்துவிட்டார்கள்.

மூதூர் ரிஸானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டபோது எழுந்த கவிதைகளை நான் குறைவாக மதிப்பிடவில்லை. அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் திரும்பி வராத பிள்ளைக்காக அத்தனை பக்கம் அழுத எமது எழுத்து, திரும்பி வந்து அடுத்த ஒழுங்கையில் தையல் மெசினுக்கு முன்னால் இருக்கும் பெண்ணிடம், “எப்படிப் புள்ள இருந்தாய்?” என்று கேட்டதா? அவளுக்கும் ஒரு கூட்டாளிப் பெண் இருந்திருப்பாள். இரண்டு பேரும் குசினித் திண்ணையில் குந்தியிருந்து என்ன பேசியிருப்பார்கள்? நான்கு வருடம் இன்னொருத்தியின் பிள்ளையைக் குளிப்பாட்டி வளர்த்தவள், அந்தப் பிள்ளையின் நினைவைத் தனது வீட்டில் யாரிடம் சொல்வாள்? அரபுப் பேச்சு நன்றாக வாய்த்துவிட்ட ஒரு பெண்ணை, ஊர் மௌலவிமார் எந்தக் கண்ணால் பார்ப்பார்கள்? இதில் பகிடியும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. எழுத ஆண்களால் முடியாதென்றால், எழுதக்கூடிய பெண்களின் கையில் பக்கங்களைக் கொடுப்பது ஆசிரியர் குழுக்களின் வேலை.

அண்மைக் காலத்தில் பெட்டிக் கதைக்குப் போட்டியாக ‘சர்ப்ரைஸ்’ கதை வந்திருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்து, உம்மாவின் பின்னால் போய் நின்று கண்ணைப் பொத்துவது, அதை ஒருவர் போனில் பிடிப்பது. கண்ணீர் உத்தரவாதம். எனக்கு இது ஒவ்வாது. பயணம் போனவர் இரவில் திடீரென்று வந்து வீட்டாரின் கதவைத் தட்டுவதை வேண்டாம் என்றும், வரும் செய்தி முந்தி எட்டட்டும், வீட்டுப் பெண்ணுக்குத் தலை வாரிக்கொள்ள அவகாசம் கிடைக்கட்டும் என்றும் கருத்துப்படும் ஹதீஸ்கள் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. படையில் போனவர்களின் மனைவியரை நினைத்து உமர் (ரலி) அவர்கள் பிரிவுக்கு ஒரு கால எல்லை வைத்த செய்தியை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். அறிவிப்புகளில் நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் வரும். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. ஒரு எழுத்தாளனாகப் பார்க்கிறேன். வருகிறவருக்கு இருக்கும் ஆயத்தம், இருக்கிறவருக்கும் வேண்டும் என்ற கவனம் அந்தச் சொற்களில் இருக்கிறது. எங்கள் கதைகளிலும் கமராக்களிலும் அது இல்லை. வாசலில் நிற்பவரின் முகம் மட்டும் தெரிகிறது. உள்ளே அந்த வாழ்க்கையைக் கட்டிக் காத்தவர், தனது வீட்டுக்குள் ஒரு விருந்தாளிக்கு இடம் ஒதுக்க வேண்டியவராகிறார். அவருக்கும் ஒரு கூச்சம், ஒரு எரிச்சல், வெளியே சொல்ல முடியாத ஒரு களைப்பு இருக்கும்.

வடக்கு முஸ்லிம்களின் நிலை இதிலும் ஒருபடி கடினம். 1990 ஒக்டோபரில் அவர்கள் விரட்டப்பட்டபோது வளைகுடாவில் வேலையில் இருந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணம் சோனகத்தெருவிலிருந்து புறப்பட்டுப் போனவர், லீவில் வந்திறங்கியது புத்தளத்தின் ஓலைக் கொட்டிலில். அவருக்குத் தெரிந்த கூட்டாளி வேறு முகாமில், பள்ளிவாசல் ஜமாஅத் சிதறி, பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சிநேகிதன் ஏ-9 வீதிக்கு அப்பால். “ஊருக்கு வந்திருக்கிறேன்” என்ற வசனத்தை அவர் எந்த அர்த்தத்தில் சொல்வார்? 2004 டிசம்பருக்குப் பிறகு கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளுக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான். வெளியேற்றத்தைப் பற்றி எம்மிடம் நல்ல படைப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டைப் பற்றியும் கதைகள் குவிந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மனிதரின் தலையில் விழுந்த இடத்தில்தான் எழுத்து இல்லை. வேறு வேறு சிறப்பிதழ்களுக்கு உரியவை என்று பிரித்துவிட்டோம் போலும்.

கடைசியாக ஒரு பிரதியைப் பற்றி. போட்டிக்கு வந்தது, பரிசு கிடைக்கவில்லை, கிடைக்கத் தகுதியும் இருக்கவில்லை. வழக்கமான பெட்டி, வழக்கமான மாமி. ஏழு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்த ஒரு உம்மா, வந்த மறுநாள் காலையில் குசினிக்குள் போகிறார். கறி அடுப்பில் இருக்கிறது. உப்புக்காகக் கையை நீட்டுகிறார். தான் எப்போதும் வைத்த இடத்தில் டின் இருக்கிறது, திறந்தால் உள்ளே சீனி. பதின்மூன்று வயது மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். “உப்பு அதுக்குள்ள இல்ல உம்மா, நான் மாத்திட்டன்,” என்கிறாள். பிறகு கிட்ட வந்து, கேட்காமலேயே, கறிக்கு எவ்வளவு போட வேண்டுமோ அவ்வளவு உப்பைத் தானே அள்ளிப் போடுகிறாள். உம்மா கையிலிருந்த அகப்பையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

அடுத்த வரியில் கதாசிரியர் மாமியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், ‘இங்கே தொடங்கி மறுபடி எழுதித் தாருங்கள்’ என்று குறித்து அனுப்பினேன். இன்னும் வரவில்லை.